பெயரை அழித்தாலும் புலி

ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை உங்களில் பலர் கோயில் மண்டபத் தரையிலோ ஊர்ப் பாறையிலோ கீறிக் கிடக்கக் கண்டிருப்பீர்கள். உச்சியிலிருந்து கோடுகள் விரிந்து இறங்கும். குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டும். காய் வைக்கும் புள்ளிகள் 23. புலி 3, ஆடு 15. காய்களில் புலி முகமும் இல்லை, ஆட்டு முகமும் இல்லை. கூழாங்கல் புலியாகும், புளியங்கொட்டை ஆடாகும். இந்த ஆட்டம் தெரியாத ஒருவரிடம் 'ஆடு', 'புலி' என்ற இரண்டு சொற்களையும் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லிக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கல், பக்கத்தில் இருக்கும் கொட்டையைத் தாண்டி அடுத்த புள்ளிக்குப் போகலாம், அந்தப் புள்ளி காலியாக இருந்தால். தாண்டப்பட்ட கொட்டை வெளியே போய்விடும். கொட்டைக்குத் தாண்டும் உரிமை இல்லை. கூடி நின்று கல்லை அசையவிடாமல் அடைப்பதுதான் அதன் வழி. இவ்வளவுதான் விதி. பத்து நிமிடம் ஆடிய பிறகு, இது எதைப் பற்றிய ஆட்டம் என்று அவரைக் கேட்டால், வலிய சிலர் எளிய பலரை வேட்டையாடுவது பற்றி என்று அவரே சொல்லிவிடுவார். தனியே நிற்கும் கொட்டை சாகிறது. பின்னால் இன்னொரு கொட்டை நின்றால் தாண்ட இடமின்றிப் பிழைக்கிறது. மந்தை என்ற சொல்லை நாம் உச்சரிக்கவே இல்லை. ஆனால் மந்தை அந்த விதிக்குள் இருக்கிறது.

ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு புதிதாகப் பலகை விளையாட்டு ஆக்க விரும்புகிறவர்களுக்கு முதல் உரைகல்லாக நான் இதையே முன்வைக்கிறேன். பெயர்களை அழித்துவிட்டு ஆடிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் புலி புலியாக இருக்கிறதா? இருந்தால் கருப்பொருள் விதியில் குடியிருக்கிறது. இல்லையென்றால் அது அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிய படம். நகரங்கள், திரைப்படங்கள், கால்பந்து அணிகள் என்று எத்தனையோ பெயர்களில் மோனாப்பொலி வந்திருக்கிறது. விண்வெளிப் போரைப் பற்றிய மோனாப்பொலியிலும் நீங்கள் செய்வது மனை வாங்குவதும் வாடகை வசூலிப்பதும்தான். பெயர் எதுவானாலும் விதி தன் பழைய பொருளையே பேசிக்கொண்டிருக்கிறது. நான் இன்று நிறுவ விரும்புவது இதைவிட ஓர் அடி தள்ளி இருக்கிறது. விதி என்ன பேசுகிறது என்பதை அதை எழுதியவரால் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டே அறிய முடியாது. பிறர் கையில் கொடுத்து ஆடச் சொல்லும்போதுதான் அது வெளிவரும். ஆகவே ஆடிப் பார்ப்பது என்பதைக் கடைசியில் பிழை திருத்தும் வேலையாக நினைக்கக் கூடாது. எழுத்தாளருக்கு வாசிப்பு எப்படியோ, விளையாட்டு ஆக்குபவருக்கு அது அப்படி.

விதிக்குள் கருப்பொருளை வைப்பது என்றால் என்ன என்பதற்கு நம் காலத்தின் மிகத் தெளிவான சான்று 'பாண்டமிக்'. மாட் லீகாக் ஆக்கி 2008இல் வெளிவந்த விளையாட்டு. ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை; எல்லாரும் ஒரே அணியாக நின்று உலகில் பரவும் 4 நோய்களை எதிர்க்கிறார்கள். பலகையில் 48 நகரங்கள். சென்னையும் அதில் ஒன்று. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு நோய்ச் சீட்டு. சீட்டு எடுத்ததும் அந்த நகரத்தில் ஒரு கட்டை வைக்க வேண்டும். எடுத்த சீட்டு ஒதுக்கு அடுக்குக்குப் போகும். சாதாரணமாக யோசிப்பவர், கட்டு தீர்ந்த பிறகு ஒதுக்கிய சீட்டுகளைக் கலைத்து மறுபடி தொடங்க வேண்டும் என்று எழுதியிருப்பார். அப்படி எழுதினால் ஒரு நகரம் ஒருமுறை வந்துவிட்டால் நெடுநேரத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. லீகாக்கின் விதி வேறு. இடையிடையே கொள்ளைநோய்ச் சீட்டு வரும். வந்தால் நோய்க் கட்டின் அடியிலிருந்து ஒரு புதிய நகரத்தை உருவி, அங்கே 3 கட்டை வைத்து, அந்தச் சீட்டையும் ஒதுக்கியிருந்த சீட்டுகளையும் சேர்த்துக் கலைத்து, கட்டின் மேலேயே திரும்ப வைக்க வேண்டும்.

இந்த ஒரு வரியைச் சற்று நின்று கவனியுங்கள். தொடக்கத்தில் 9 நகரங்களில் நோய் வைக்கப்படுகிறது. பிறகு மூன்று முறைகளில் இரண்டிரண்டாக 6 சீட்டு வந்தது, அடியிலிருந்து 1 வந்தது என்றால் மொத்தம் 16. இந்த 16தான் இனி மேலே இருக்கிறது. மற்ற 32 நகரங்களும் கீழே உறங்குகின்றன. நோய் கண்ட ஊரிலேயே நோய் மீண்டும் கிளம்புகிறது. அணைத்த நெருப்பை அணைந்தது என்று நம்ப முடியவில்லை. சென்னையில் ஏற்கெனவே 3 கட்டை இருக்கும்போது சென்னைச் சீட்டு மறுபடி வந்தால் நான்காவது கட்டை வைக்கப்படுவதில்லை. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று இணைந்த ஐந்து ஊர்களுக்கும் நோய் ஒவ்வொரு கட்டையாகத் தெறிக்கிறது. கட்டைகளுக்கு நோய் என்ற பெயரை எடுத்துவிட்டு வதந்தி என்று வைத்தாலும் ஆட்டம் பொருந்தும். ஏனென்றால் வதந்தியும் இப்படித்தான் பரவுகிறது. தங்கச் சுரங்கம் என்று வைத்தால் பொருந்தாது. விதி தனக்கு ஏற்ற பொருளைத் தானே தேர்ந்துகொள்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். 2019இல் வெளிவந்த எலிசபெத் ஹார்கிரேவின் 'விங்ஸ்பான்' என்ற பறவை விளையாட்டிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. நம் ஊர்க் குயிலைப் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் ஒரு வட அமெரிக்கப் பறவைக்கான சீட்டு, வேறொருவர் முட்டையிடும் முறை வரும்போதுதான் வேலை செய்கிறது. அப்போது அது வேறொரு பறவையின் கூட்டில் தன் முட்டையை வைக்கிறது. பறவையின் குணமே சீட்டின் விதி.

சரி, விதியில் கருப்பொருளை வைத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு வரலாறு ஒரு பெரிய சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் மேகி 1903இல் விண்ணப்பித்து 1904 ஜனவரி 5 அன்று ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 'லேண்ட்லார்ட்ஸ் கேம்', அதாவது நிலக்கிழாரின் ஆட்டம். 1879இல் 'ப்ராக்ரஸ் அண்ட் பாவர்ட்டி' நூலை எழுதிய ஹென்றி ஜார்ஜின் கொள்கையில் அவருக்கு ஆழ்ந்த பற்று. நிலத்தின் மதிப்பு ஊராரின் உழைப்பால் உயர்கிறது, ஆனால் அதன் பலனை நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவர் மட்டும் வாடகையாக விழுங்குகிறார். எனவே நில மதிப்பின் மீது மட்டும் வரி விதித்தால் போதும் என்பது ஜார்ஜின் வாதம். இதை மேடையில் பேசிப் புரியவைப்பதைவிட மக்கள் தாமே அனுபவித்து உணரட்டும் என்று மேகி நினைத்தார். சுற்றி வரும் பலகை. சுற்றை முடித்தால் பூமித்தாயின் மீது உழைத்ததற்குக் கூலி. பிறர் மனையில் கால் வைத்தால் வாடகை. ஒரு மூலையில் சிறைக்குப் போ என்ற கட்டம். பின்னர் வந்த பதிப்புகளில் இரண்டு வகை விதிகள் இருந்தன. ஒன்றில் வழக்கம்போல நிலம் குவிப்பவர் வெல்வார். மற்றதில் வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். மிகக் குறைந்த பணத்துடன் தொடங்கியவர் தம் கையிருப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டதும் எல்லாரும் வென்றதாக ஆட்டம் முடியும்.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ஆட்டம் கைமாறிக் கைமாறிப் பரவியது. கல்லூரி மாணவர்களும் குவேக்கர் சமயத்தாரும் துணியிலும் பலகையிலும் தாமே வரைந்து ஆடினார்கள். அட்லாண்டிக் சிட்டித் தெருக்களின் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். பொதுக் கருவூல விதி வழியிலேயே உதிர்ந்துபோனது. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சார்ல்ஸ் டாரோவிடமிருந்து வாங்கி மோனாப்பொலியாக வெளியிட்டது. மேகியின் காப்புரிமையையும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. நிலக் குவிப்பின் கொடுமையைக் காட்ட எழுந்த ஆட்டம், நிலம் குவிப்பதில் உலகெங்கும் குழந்தைகளைப் பயிற்றுவிக்கும் ஆட்டமாகிவிட்டது. இதை வெறும் திருட்டுக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேகிக்கு நேர்ந்த அநீதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டு ஆக்கும் நமக்கு அதில் வேறொரு பாடமும் இருக்கிறது. மேகியின் வாடகை விதி அவர் சொல்ல விரும்பியதைச் சரியாகவே சொன்னது: ஒருவர் கொழுக்க மற்றவர் மெலிவார்கள். ஆனால் வெற்றி யாருக்கு என்ற விதி, கொழுத்தவருக்கு மாலை போட்டது. ஆடுகிறவர் ஆட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது, நான் எப்படி ஜெயிப்பது என்றுதான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற எல்லா விதிகளைவிடவும் உரக்கப் பேசுகிறது. இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்தால் மக்கள் ஒப்பிட்டுத் திருந்துவார்கள் என்று மேகி எதிர்பார்த்தார். மக்கள் ஒப்பிடவில்லை, எதில் போட்டி சூடாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது நாமே ஒன்றை ஆக்கிப் பார்ப்போம். பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் கையில் எதுவும் ஒட்டாது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். ஏரிப் பாசனத்தைக் கருப்பொருளாக எடுப்போம். மூன்று பேர் ஆடுகிறார்கள்: தலைமடைக்காரர், நடுமடைக்காரர், கடைமடைக்காரர். ஏரி ஒரு கிண்ணம். நீர் 12 புளியங்கொட்டை. ஒரு போகத்தில் தலைமடைக்காரர் முதலில் எடுப்பார், அடுத்து நடு, மிச்சம் கடைக்கு. ஒரு வயல் அதிகபட்சம் 6 கொட்டை நீரைத்தான் குடிக்கும். மேலே போனால் பயிர் அழுகும். ஒரு கொட்டை நீருக்கு ஒரு மரக்கால் நெல். மொத்தம் 6 போகம். ஒவ்வொரு போக முடிவிலும் ஏரியில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறையும். அதைத் தூர்வார வேண்டுமானால் மூவரும் ஆளுக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும். ஒருவர் அனுப்பாவிட்டாலும் தூர் அப்படியே கிடக்கும். ஒற்றையா இரட்டையா ஆடும்போது கையை மூடிக்கொள்வோமே, அதே போல மூவரும் கையை மூடி ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். உள்ளே காய் இருந்தால் ஆள் அனுப்பியதாகப் பொருள். குடிமராமத்தின் எலும்புக்கூடு இது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு எண்ணை நான் இன்னும் சொல்லவில்லை: போகத்துக்கு எவ்வளவு வண்டல்? 1 என்று வைப்போம். யாரும் தூர்வாராவிட்டால் ஏரி 12, 11, 10, 9, 8, 7 என்று இறங்கும். கடைசிப் போகத்திலும் 7 இருக்கிறது. தலைமடைக்காரர் ஆறு போகமும் குறையாமல் 6 எடுத்து 36 மரக்காலோடு எழுந்து போவார். கடைமடைக்காரருக்கு ஒரு கொட்டைகூடப் போகாது. அவர் ஆள் அனுப்ப மறுத்தாலும் தலைமடைக்காரருக்கு ஒரு நட்டமும் இல்லை. வண்டலை 2 ஆக்குவோம். ஏரி 12, 10, 8, 6, 4, 2. தலைமடைக்காரருக்கு 30. தூர்வாரி மூவரும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 24தான். சமப் பங்குக்கு அவர் இணங்க ஒரு காரணமும் இல்லை. வண்டலை 3 ஆக்குங்கள். ஏரி 12, 9, 6, 3, பிறகு வறண்டுபோகிறது. தலைமடைக்காரருக்கு 6, 6, 6, 3 என்று மொத்தம் 21. இப்போது 24 அவருக்கே லாபம். அதுவரை அவர் திரும்பிப் பார்க்காத கடைமடைக்காரரின் மூடிய கை திடீரென்று விலை பெறுகிறது. பெயர்கள் மாறவில்லை, பலகை மாறவில்லை, படம் மாறவில்லை. 2 என்பது 3 ஆனது. ஆதிக்கத்தைப் பற்றிய ஆட்டம் பேரத்தைப் பற்றிய ஆட்டமாகிவிட்டது. கருப்பொருள் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது என்பேன்.

இது கற்பனைக் கணக்கு, வாழ்க்கை இப்படியா என்று கேட்கலாம். பொதுவளங்களை ஊரார் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நேபாளத்துப் பாசன அமைப்புகளைப் பற்றி இதற்கு மிக நெருங்கிய ஒன்றைச் சொன்னார். ஆண்டுதோறும் பராமரிப்புக்குக் கடைமடைக்காரர்களின் உழைப்புத் தேவைப்பட்ட இடங்களில் தண்ணீர்ப் பங்கீடு ஓரளவு நியாயமாக இருந்தது. நிலையான கான்கிரீட் தலைப்பணைகள் கட்டி அந்த உழைப்பின் தேவையைக் குறைத்த இடங்களில் கடைமடைக்காரர்களின் பேர வலிமையும் குறைந்தது. பொறியியலாகப் பார்த்தால் முன்னேற்றம். நம் விளையாட்டின் மொழியில் சொன்னால் யாரோ 3ஐ 1 ஆக்கிவிட்டார்கள். ஒரு சின்ன ஆட்டம் இவ்வளவு பெரிய உண்மையைத் தாங்கும் என்பதால்தான் இந்தக் கலையை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தக் கணக்கை எல்லாம் காகிதத்திலேயே போட்டுவிட்டீர்களே, கணினியில் லட்சம் முறை ஓட்டியும் பார்க்கலாமே, பிறகு மனிதர்களை உட்காரவைத்து ஆடச் சொல்வது எதற்கு? கணக்குச் சொல்லாததைப் பாருங்கள். வண்டல் 3 என்ற ஆட்டத்தில் தலைமடைக்காரர், எனக்கு 6, உங்களுக்கு மும்மூன்று, எல்லாரும் தூர்வாருவோம் என்று சொல்லலாம். அவருக்கு 36, மற்றவர்களுக்கு 18. கடைமடைக்காரர் மறுத்தால் அவருக்குச் சுழி. கணக்குப்படி 18ஐ வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மனிதர்கள் அப்படியா? 1982இல் வெர்னர் கூத்தும் அவருடைய சகாக்களும் ஜெர்மனியில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவர் ஒரு தொகையைப் பங்கு பிரித்துக் காட்டுவார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் இல்லை. மிகக் குறைவான பங்கைப் பலர் உதறித் தள்ளினார்கள். பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தபோதும் இந்த மறுப்பு மீண்டும் மீண்டும் தென்பட்டது. தனக்கு நட்டம் என்று தெரிந்தே கையை வெறுமையாகத் திறக்கும் அந்தக் கோபம் எந்தக் காகிதக் கணக்கிலும் வராது. அந்தக் கோபம் எந்தப் பங்கில் வெடிக்கிறது, மூன்றிலா, இரண்டிலா, வெடித்த பிறகு அடுத்த போகத்தில் சமாதானம் ஆகிறார்களா என்பதை ஆடுகிறவர்களின் முகத்தில்தான் பார்க்க முடியும். ஏரி விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் காகிதத்தில் தெரியாது: சலிப்பு. வண்டல் 1 என்ற ஆட்டம் உண்மைக்கு நெருக்கமானது என்றே ஒருவர் வாதிடலாம். பல ஊர்களில் கடைமடைக்காரர் நிலை அதுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஆறு போகமும் செய்ய ஒரு வேலையும் இல்லை. இரண்டாம் போகத்திலேயே அவர் கை போனைத் தேடும். அவருடைய துன்பத்தை உணர்த்தத்தான் அந்த விதி என்று ஆக்கியவர் சொல்லலாம். அவர் உணர்வது துன்பமாக இல்லை, வெறும் அலுப்பாக இருக்கிறது. துன்பம் உறைக்க வேண்டுமானால் அவரிடம் ஏதாவது ஒரு தேர்வு இருந்தாக வேண்டும். தேர்வே இல்லாத பரமபதம் எப்படி நிலைத்தது என்று கேட்பீர்கள். பரமபதத்தில் எவருக்குமே தேர்வு இல்லை. ஏற்றமும் இறக்கமும் நம் கையில் இல்லை என்பதுதான் அதன் கருப்பொருள், எல்லாரும் அதற்கு ஒரேபோல உட்பட்டிருக்கிறார்கள். மூவரில் ஒருவருக்கு மட்டும் தேர்வை மறுப்பது வேறு விஷயம்.

ஆடிப் பார்ப்பதில் விதிப்புத்தகத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஆக்கியவர் பக்கத்தில் இருந்தால் சந்தேகம் வந்ததும் அவரைக் கேட்டுவிடுவார்கள். புத்தகத்தின் ஓட்டை தெரியாமலே போகும். ஆகவே ஒரு கட்டத்துக்குப் பிறகு பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு அவர் வாய் திறக்காமல் ஒதுங்கி உட்கார வேண்டும். தமிழில் இதற்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். 'தலைமடைக்காரர் முதலில் நீர் எடுக்கலாம்' என்று எழுதுகிறோம். எடுக்கலாம் என்றால் எடுத்தே ஆக வேண்டுமா? இப்போது வேண்டாம், மற்றவர்கள் எடுத்த பிறகு எடுக்கிறேன் என்று சொல்ல முடியுமா? நம் பேச்சில் அந்த 'லாம்' அனுமதியையும் குறிக்கும், முறையையும் குறிக்கும், சில நேரம் மரியாதையான கட்டளையாகவும் இருக்கும். 'சுற்று' என்ற சொல்லும் அப்படியே: ஒருவர் முறையா, மூவரும் ஆடி முடித்ததா, ஒரு போகமா? எழுதியவர் கண்ணுக்கு இது படவே படாது, ஏனென்றால் விடை அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று அந்நியர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கொட்டையை எடுக்க, இன்னொருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தும் கணத்தில் அது பளிச்சென்று தெரியும். வீட்டாரையும் நண்பர்களையும் முதலில் ஆடச் சொல்வதில் தவறில்லை. 1995இல் 'கட்டான்' விளையாட்டை வெளியிட்ட கிளவுஸ் டாய்பர் தம் குடும்பத்தாரோடு ஆடித்தான் அதைச் செப்பனிட்டார். ஆனால் நெருங்கியவர்கள் ஆக்கியவரை நேசிக்கிறார்கள். அந்த நேசம் ஓட்டைகளை அடைத்துவிடும். ஏரி விளையாட்டை ஏரிப் பாசன விவசாயிகளிடம் கொண்டுபோகாமல் முடித்துவிட்டதாகவும் சொல்லக் கூடாது. நாம் விட்டுவிட்ட மதகும் கலங்கலும் நீர்க்கட்டியும் அவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும்.

ஆனால் மிகக் கடினமான மறுப்பு இனிமேல்தான். ஆடுகிறவர்கள் காட்டும் வழியில் போக வேண்டும் என்றால், மேகியின் ஆட்டத்தை முப்பது ஆண்டுகள் ஆடிப் பார்த்தவர்கள் அதை மோனாப்பொலியாக்கித்தானே தந்தார்கள்? கூட்டத்தின் ருசிக்கு வளைந்துகொடுத்தால் எந்தக் கருப்பொருளும் கடைசியில் கரைந்துபோகாதா? இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு விடை, சோதனையில் கிடைக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒன்று ஆடுகிறவர்களுக்கு நேர்வது: எங்கே தயங்கினார், எங்கே கோபித்தார், எங்கே கவனம் கலைந்தது. இன்னொன்று அவர்கள் சொல்லும் யோசனை: இதை இப்படி மாற்றுங்கள், பகடை சேருங்கள். முன்னது சாட்சியம், அதை மறுக்க ஆக்கியவருக்கு உரிமை இல்லை. பின்னது கருத்து, அதை ஏற்பதும் தள்ளுவதும் அவர் பொறுப்பு. நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதை வைத்தியர் நம்பியே ஆக வேண்டும். என்ன மருந்து என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். மேகியின் ஆட்டத்துக்கு நேர்ந்தது சோதனையின் மிகுதியால் அல்ல. ஆடியவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்து, தன் நோக்கத்தை விடாமல் வெற்றி விதியைத் திருத்திக்கொண்டே போக ஒருவர் அந்த மேசைகளின் அருகே இல்லை. ஆட்டம் ஊர் ஊராக நடந்துபோனது, ஆக்கியவர் இல்லாமல்.

நாட்டார் விளையாட்டுகளை யாரும் சோதிக்கவில்லையே என்பவர்களுக்கு ஒரு செய்தி. நேபாளத்தில் 'பாக்சால்' என்ற ஆட்டம் உண்டு; 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. நம் ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. இரண்டிலும் ஒரு புலிக்கு 5 ஆடு. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஆடு குறைந்தால் புலிக்கு எளிது, கூடினால் புலி மூச்சுத் திணறும் என்பதை எத்தனையோ தலைமுறைகள் ஆடித்தான் கண்டிருக்க முடியும். அவர்களுக்குக் காலம் இருந்தது. தனி ஒருவராக ஆக்குபவர் அந்தக் காலத்தைச் சில மாதங்களுக்குள் சுருக்க வேண்டியிருக்கிறது. சீனத்தில் பிறந்த கோ ஆட்டத்துக்குக் கருப்பொருள் எங்கே என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை; எதையும் பற்றியதாகச் சொல்லிக்கொள்ளாத ஆட்டத்திடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை.

ஏரிக்குத் திரும்புவோம். மேகியின் பாடத்தை வைத்துப் பார்த்தால் நம் ஆட்டத்தில் இன்னும் தீராதது வெற்றி விதி. அதிக நெல் சேர்த்தவர் வெல்வார் என்றால் தலைமடை நாற்காலியில் உட்கார்ந்த அன்றே ஆட்டம் முடிந்தது. நாமும் மோனாப்பொலிக்கே வந்து சேர்வோம். 20 மரக்கால் சேர்த்த எல்லாரும் வென்றதாக வைக்கலாம்; அப்போது தலைமடைக்காரர் 20க்கு மேல் பதுக்கக் காரணம் இல்லை. ஆனால் 72 கொட்டையில் மூவரும் எளிதாக 20 தொட்டுவிடுவார்கள், பேரம் குளிர்ந்துபோகும். நாற்காலிகளை மாற்றி மாற்றி ஆடலாம் என்பது மூன்றாவது வழி. நிலம் மாறுவதில்லையே, இது கருப்பொருளுக்குத் துரோகம் இல்லையா என்று முதலில் தோன்றும். பழைய மிராசு கிராமங்கள் சிலவற்றில் பங்காளிகள் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளும் கரையீடு என்ற வழக்கம் இருந்தது. எனவே இரண்டு போகத்துக்கு ஒருமுறை இடம் மாற்றும் விதிக்கு வரலாற்றிலேயே வேர் இருக்கிறது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆட்டம் இன்னொரு முறை புரள்கிறது. வண்டல் 3, யாரும் தூர்வாரவில்லை என்றால், முதல் இரு போகமும் தலைமடையில் இருந்தவருக்கு அந்த இரண்டிலேயே 12 கிடைத்துவிடும். மூன்றாவதாகத் தலைமடைக்கு வருபவர் ஐந்தாம் போகத்தில் வந்து நிற்கும்போது கிண்ணத்தில் ஒரு கொட்டையும் இருக்காது. ஆகவே ஏரி தூர்ந்துவிடக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே அதிகம் கவலைப்படுகிறவர் அவர்தான். அந்தக் கவலையே அவருடைய பேர வலிமையைத் தின்றுவிடவும் கூடும். ஆள் அனுப்ப மாட்டேன் என்று அவர் மிரட்டினால் மற்ற இருவரும் நம்புவார்களா? இல்லை, நம்பாமல் போனதாலேயே ஒருநாள் அவர் வெறுங்கையைத் திறந்து காட்டுவாரா? இதற்கு என்னிடம் காகிதத்தில் விடை இல்லை. ஒரு கிண்ணமும் 12 புளியங்கொட்டையும் மூன்று காய்களும் மேடைக்குக் கீழே உள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று பேர் வந்து உட்கார்ந்தால் ஆறு போகம் ஆட அரை மணி நேரம் போதும். மற்றவர்கள் சுற்றி நின்று, மூன்றாவதாகத் தலைமடைக்கு வரவேண்டியவரின் மூடிய கையை மட்டும் கவனியுங்கள்.